எண்பத்தொன்பதுக்கு அப்புறம் ஏன் நூறு? – வகுப்பறைக் கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் தினமும் செய்கிற மொழி, கணக்குப் பயிற்சிகள் பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: ஐந்து வகுப்புக்கும் சேர்த்து எங்கள் பள்ளியில் 23 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கூட்டம், பயிற்சி என்று கிளம்பிவிட்டால் எல்லாரும் ஒரே அறையில்தான். வகுப்புக்கு ஒன்றாகத் தினசரிப் பயிற்சி வைத்தால் காலை நேரம் முழுக்க அதிலேயே கரைந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியை, கோத்தகிரி வட்டம்)

பதில்: ஐந்து வகுப்புக்கு ஐந்து பயிற்சி என்று கிளம்பினால் கரை சேர முடியாது. விஷயம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதில் செய்கிற வேலை மட்டும் வகுப்புக்கு வகுப்பு மாறட்டும். இதற்கு வருகைக் கணக்கைவிட நல்ல சாக்கு கிடையாது. தினமும் நடந்தே ஆக வேண்டியது, எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுவது, சத்துணவு சமைப்பவருக்கு நிஜமாகவே தேவைப்படுவது.

சத்துணவுக் கூடத்திலிருந்து காலியான முட்டை அட்டை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஐந்து ஐந்தாக ஆறு வரிசை, மொத்தம் 30 குழி. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழித் துண்டுகள் மூன்று கிடைக்கும். உங்களுக்கு 23 பிள்ளைகள் என்பதால் மூன்றாவது துண்டில் மூன்று குழியை விட்டுவிட்டு மீதி ஏழின் மேல் தாள் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு டப்பா நிறையக் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காய். மலையில் அதற்குப் பஞ்சமில்லை, காசும் ஆகாது, பிளாஸ்டிக்கும் இல்லை. உள்ளே வரும் பிள்ளை ஒரு காயை எடுத்து ஒரு குழியில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். விதி ஒன்றுதான்: முதல் துண்டு நிறையாமல் அடுத்த துண்டுக்குப் போகக் கூடாது.

இன்று 19 பேர் என்று வையுங்கள். முதல் துண்டு நிறைந்திருக்கும், இரண்டாவதில் ஒரு குழி காலி, மூன்றாவதில் மூன்றும் காலி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை காய்களைத் தொட்டு எண்ணும். இரண்டாம் வகுப்பு "ஒரு பத்து, ஒன்பது ஒன்று" என்று சொல்லி 19 என்று எழுதும். மூன்றாம் வகுப்புக்கு 23-இலிருந்து 19 போக மீதி. வராத நான்கு பேரின் பெயரும் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியில் தலைக்கு 100 கிராம் அரிசி. ஆகவே நான்காம் வகுப்பு 1,900 கிராமைக் கண்டுபிடித்து அதை 1 கிலோ 900 கிராமாக மாற்றி, துண்டுச் சீட்டில் எழுதிச் சமையலறைக்குக் கொண்டுபோகும். 30 முட்டை உள்ள அட்டையில் மீதி எத்தனை என்பதும் அவர்கள் வேலை. ஐந்தாம் வகுப்புக்குத் தினமும் வேலை வேண்டாம். வெள்ளிக்கிழமை ஐந்து நாள் எண்களைக் கூட்டிச் சராசரி போடட்டும். எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடம்.

அடுத்து 12 நிமிடம் மொழி. ஒரு பிள்ளையிடம் நேற்று நடந்ததைக் கேட்டு, அது சொன்ன ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். "எங்க லைனுக்கு (எஸ்டேட் குடியிருப்புக்கு) நேத்து காட்டெருமை வந்துச்சு" என்று வரும். வந்துச்சு என்றே எழுதுங்கள். அதன் கீழேயே "எங்கள் லைனுக்கு நேற்று காட்டெருமை வந்தது" என்றும் எழுதுங்கள். வாயில் வருவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று என்பதைப் பிள்ளை தன் வாக்கியத்திலேயே பார்த்துவிட்டால் திருத்தித் திருத்தி வாயடைக்க வேண்டியிருக்காது. பிறகு ஒன்றாம் வகுப்பு 'ட' எங்கே இருக்கிறது என்று வட்டமிடும். இரண்டாம் வகுப்பு வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் துண்டுத் தாளில் எழுதிக் கலைத்து அடுக்கும். மூன்றாம் வகுப்பு "நாளை" என்று தொடங்கி மாற்றி எழுதும். பெரியவர்கள் அதற்குப் பின்னால் மூன்று வாக்கியம் சேர்ப்பார்கள்.

மூன்றாவது பத்து நிமிடம் எண் பேச்சு. அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம். ஆக அரை மணி. அதன் பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கு ஏற்ற குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் இந்த அரை மணிக்கும் மோதல் ஒன்றும் இல்லை. அது நிலைவாரியான பாடம், இது எல்லாரும் சேர்ந்து உட்காரும் நேரம்.

எது கெடும் என்றால், முதலில் நேரம். எட்டு நிமிடம் இருபத்தைந்தாகும். மேசைமேல் கடிகாரத்தை வைத்து, மணி ஆனதும் பாதியிலேயே நிறுத்துங்கள். நாளைக்கும் இதே பயிற்சி வரத்தானே போகிறது. இரண்டாவது, கோரஸ். இருபது பேர் சேர்ந்து கத்தினால் ஐந்து பேருக்குத் தெரியாதது உங்கள் காதுக்கு எட்டவே எட்டாது. ஐஸ் குச்சியில் பெயர் எழுதி டம்ளரில் போட்டு, கேள்வியைக் கேட்டு ஐந்து விநாடி விட்டு, அப்புறம் குச்சியை எடுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 22 பேருக்கு விடுமுறை. எடுத்த குச்சியைத் திரும்ப டம்ளரிலேயே போடுங்கள். வெளியே வைத்தால் "எனக்கு முடிஞ்சது" என்று அந்தப் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடும்.

ஒன்று விட்டுப்போயிற்று. மார்கழி, தையில் உறைபனி விழுகிற காலையில் பிள்ளைகளுக்கு விரல் மடங்காது. எழுத்து வேலையைப் பத்தரைக்கு மேல் தள்ளிவிட்டு, வாயாலும் காயாலும் செய்வதை முதலில் வையுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு வரை கடகடவென்று சொல்கிறார்கள். எழுதச் சொன்னால் 89-க்கு அடுத்து 100 போடுகிறார்கள். தொண்ணூற்று மூன்று என்றால் 903. மூன்றாம் வகுப்பிலும் மலை ரயில் பாடத்தில் "208 வளைவு" என்று சொன்னதை 2008 என்று எழுதினார்கள். கவனக்குறைவா? (ஆசிரியர், குன்னூர்)

பதில்: இல்லை. பிள்ளைகள் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள்.

இருபது, முப்பது என்று எண்பது வரை எல்லாம் 'பது' என்று முடிகிறது. அடுத்தது மட்டும் தொண்ணூறு. அதன் வாலில் நூறு உட்கார்ந்திருக்கிறது. எழுநூறு, எண்ணூறு என்று வந்துவிட்டு அடுத்தது தொள்ளாயிரம்; வாலில் ஆயிரம். ஒன்பதிலேயே 'பது' இருக்கிறதே! தமிழில் ஒன்பது என்கிற இடம் வந்தாலே பெயர் அடுத்த படியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எண்பத்தொன்பது என்று சொல்லி முடித்த பிள்ளை "…நூறு" என்று கேட்டு 100 எழுதினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

903-க்குக் காரணம் வேறு. தொண்ணூற்று மூன்று என்பதில் 90 இருக்கிறது, 3 இருக்கிறது. 90 எழுதி, பக்கத்தில் 3 எழுதினால் 903. இருநூற்றெட்டுக்கு 200, அப்புறம் 8. அதுதான் 2008. பத்துகளின் சுழியத்துக்குள் ஒன்றுகள் போய் உட்கார வேண்டும் என்பதைக் கையால் செய்து பார்க்காத பிள்ளைக்கு இது வேறு எப்படித் தெரியும்?

அட்டை செய்துகொள்ளுங்கள். எல்லாம் 5 செ.மீ. உயரம். ஒன்றுகள் அட்டை 5 செ.மீ. நீளம், பத்துகள் 10, நூறுகள் 15. ஒன்பது ஒன்பதாக ஒரு தொகுப்புக்கு 27 அட்டை. 90 அட்டையை வைத்து, அதன் வலது ஓரம் ஒட்டினாற்போல 3 அட்டையை மேலே வைத்தால் சுழியம் மறைந்து 93 தெரியும். 200-இன் வலது ஓரத்தில் 8-ஐ வைத்தால் நடுச் சுழியம் மறையாமல் நிற்கும்: 208. வலது ஓரம் சேராமல் வைத்தால் எண் கோணலாகும், பிள்ளையே சரிசெய்துகொள்ளும். தினமும் மூன்று எண் போதும். நீங்கள் சொல்ல, பிள்ளை அட்டையை வைத்து, பிறகு பிரித்துக் காட்டி, பிறகுதான் சிலேட்டில் எழுத வேண்டும். முதலில் எழுதிவிட்டு அட்டையை வைத்தால் பயன் பாதிதான்.

பெயரையும் இரண்டு விதமாகச் சொல்லிப் பழக்குங்கள். "எட்டுப் பத்து, ஒன்பது – எண்பத்தொன்பது. ஒன்பது பத்து – தொண்ணூறு." ஐந்தாறு வாரம் இரண்டு பெயரும் சேர்ந்தே வரட்டும். பிள்ளைகளே முதல் பெயரைக் கைவிடுவார்கள். நீங்கள் முந்திக்கொண்டு நிறுத்தாதீர்கள்.

எண்ணுவதை ஒன்றிலிருந்து தொடங்கவே தொடங்காதீர்கள். ஒன்றிலிருந்து நூறு என்பது பாட்டு மாதிரி, நடுவில் நிறுத்தினால் தெரியாது. "87-இலிருந்து 93 வரை", "112-இலிருந்து 106-க்குப் பின்னால்" என்று இரண்டு நிமிடம். பத்தைத் தாண்டுகிற இடம் கட்டாயம் உள்ளே வர வேண்டும். சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் நூறு மணி கோத்த கயிறு ஒன்று கட்டுங்கள், பத்து சிவப்பு, பத்து வெள்ளை என்று மாற்றி மாற்றி. கயிறு மணிகளைவிட ஒரு சாண் நீளமாக இருக்கட்டும்; இறுக்கிக் கட்டினால் மணியை ஒதுக்கி இடைவெளி காட்ட முடியாது. துணி கிளிப் ஒன்றை 89-க்குப் பிறகு மாட்டி, "இன்னும் ஒரு மணி தள்ளினால்?" என்று கேட்டால் நூறு என்று வாயில் வந்ததைக் கண் மறுக்கும்.

மீதி நேரத்துக்குப் புள்ளி அட்டை. ஆறு, ஏழு, எட்டுப் புள்ளிகளை வெவ்வேறு விதமாக அடுக்கி வரைந்த அட்டையை மூன்று விநாடி காட்டி மறையுங்கள். "எத்தனை?" என்பதைவிட "எப்படிப் பார்த்தாய்?" முக்கியம். ஏழு புள்ளியை ஒருத்தி ஐந்தும் இரண்டும் என்பாள், ஒருவன் மூன்றும் நான்கும் என்பான். பத்து விநாடி காட்டினால் விரலை நீட்டி எண்ணிவிடுவார்கள், பயிற்சி அங்கேயே செத்துவிடும்.

கேள்வி: வீட்டில் படுகு பேசும் பிள்ளைகளும், எங்கள் பக்கம் பணியர் குடியிருப்புப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது தமிழில் கேட்டால் பேசாமல் நிற்கிறார்கள். தெரியவில்லையா, கூச்சமா என்றே புரியவில்லை. (இரு ஆசிரியர்கள், ஊட்டி, பந்தலூர்)

பதில்: கணக்கு தெரிந்திருக்கும், அதைச் சொல்லும் சொல் தெரிந்திருக்காது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். முட்டை அட்டை நிறைந்ததும் படுகுப் பிள்ளை "ஹத்து" என்றால் அது சரியான விடை. முதலில் "சரி" என்று சொல்லிவிட்டு, அப்புறம் "பத்து" என்று நீங்கள் சொல்லுங்கள். வரிசையை மாற்றி முதலில் திருத்தினால், கணக்கே தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

படுகுவுக்கும் தமிழுக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருக்கிறது. நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து. சொல்லின் முதலில் வரும் 'ப' பல இடங்களில் 'ஹ' ஆகிறது. இதை விளக்கிச் சொல்ல வேண்டாம், தினம் இரண்டு பொருளின் படத்தைக் காட்டி "வீட்டுல என்ன சொல்வீங்க? புத்தகம் என்ன சொல்லும்?" என்று கேட்டால் மூன்றாம் வாரத்தில் பிள்ளைகளே ஊகிக்கத் தொடங்குவார்கள். எழுத்து வேண்டாம், படம் போதும். 'ஹ' ஒன்றாம் வகுப்புக்குத் தெரியாத எழுத்து.

பணியர் பிள்ளைகளுக்கும், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் பிள்ளைகளுக்கும் எழுத்தைத் தொடங்குமுன் வாய்மொழிக்கு இன்னும் அதிக நாள் கொடுக்க வேண்டும். அதே மொழி பேசும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், சேர்ந்து விளையாடச் சொல்லுங்கள். "எடு", "வை", "மேலே", "கீழே", "இன்னொன்று", "மீதி", "சமம்" என்கிற இந்தச் சொற்களைப் பொருளை வைத்துச் செய்துகாட்டிப் பழக்கிவிட்டால் முதல் பருவத்துக் கணக்கில் பாதித் தடை நீங்கிவிடும். பிள்ளை பேசாவிட்டாலும் "நான்கை என்னிடம் கொடு" என்றால் கொடுக்கிறதா என்று பாருங்கள். அதுவும் விடைதான்.

கேள்வி: 247 எழுத்தும் அட்டவணையைப் பார்த்து வரிசையாகச் சொல்கிறான் என் பேரன். "தொப்பி" என்று எழுதச் சொன்னால் ஒரு நாள் "தெப்பி", ஒரு நாள் "தொபி". தினம் 20 சொல் எழுதவைத்தும் மாற்றம் இல்லை. (வாசகர், கூடலூர்)

பதில்: இருபதை ஆறாகக் குறையுங்கள். இருபது சொல் எழுதினால் பிழைகளும் இருபது தடவை பழகும்.

உங்கள் பேரனின் இரண்டு பிழையும் ஒரே பிழை இல்லை. "தெப்பி" என்பதில் துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. 'தொ' எழுத ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் போட்டு, எழுத்தை எழுதி, துணைக்காலைப் பின்னால் போட வேண்டும். காதில் முதலில் விழுவது த், பிறகு ஒ. கை எழுதுவதோ கொம்பை முதலில். காதும் கையும் எதிர்த்திசையில் போகிற இடம் இது. "தொபி"யில் மெய் விழுந்துவிட்டது, ப் என்பதற்குத் தனியாக ஓசை கேட்கவில்லை.

செய்ய வேண்டிய முறை: சொல்லை நீங்கள் ஒரு முறை சாதாரண வேகத்தில் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், அதில்தான் சரியாகக் கேட்டதா என்று தெரியும். அடுத்து தட்டல்: உயிருக்கும் உயிர்மெய்க்கும் மேசையில் ஒரு தட்டு, மெய்க்கு விரலை மூடி ஓர் அழுத்தம். தொ – தட்டு, ப் – அழுத்து, பி – தட்டு. மூன்று அசைவு, ஆகவே மூன்று எழுத்து. மூன்று சிறு கோடு போட்டுக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். கோடு காலியாக நின்றால் எழுத்து விட்டுப்போனது அப்போதே தெரியும். எழுதி முடித்ததும் நீங்கள் சரியான சொல்லைக் காட்டுங்கள். பிள்ளை தப்பான எழுத்தை மட்டும் அழித்து எழுத வேண்டும். முழுச் சொல்லைப் பத்துத் தடவை எழுதுகிற தண்டனை வேண்டாம். மூன்றாவது தடவைக்குப் பிறகு எல்லா 'தொ'வையும் முதலில், எல்லா 'ப்'பையும் அடுத்து என்று பத்தியாக இறக்கிவிடுவார்கள், மூளை தூங்கிவிடும்.

ஆறு சொல்லையும் ஒரு பிழையைச் சுற்றியே தேர்ந்தெடுங்கள். குறில் நெடில் வாரம் என்றால் கல்–கால், முடி–மூடி, பெட்டி–பேட்டி. அடுத்து மெய் விழும் வாரம்: படம்–பட்டம், குடை–குட்டை. அப்புறம் கொம்பு: கெ, கே, கொ, கோ. 'உ' வரிசைக்குத் தனியாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் அதன் குறி எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. குடும்பமாகப் பிரித்தால் எளிது: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், சு, பு, யு, வு கீழே கோடு இறங்குகிற குடும்பம், ணு, து, நு, லு, று, னு இன்னொன்று. அட்டவணை வரிசையில் கு, சு, டு, ணு, து என்று கற்றால் ஐந்தில் மூன்று குடும்பமும் கலந்து வரும். பிள்ளை குழம்புவது அங்கேதான்.

ல–ள–ழ, ர–ற, ந–ன–ண பிழைகளை மூன்றாம் வகுப்பு வரை பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் எங்களோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. குறில் நெடிலே நிற்காத பிள்ளையிடம் ழகரத்துக்குக் கத்துவதில் பயனில்லை என்பதே எங்கள் பக்கம். அதிலும் பாதி விதியால் தீரும். சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந. ட-வுக்கு முன் ண. ற-வுக்கு முன் ன. இரட்டித்தால் எப்போதும் ற்றதான்; ர்ர வராது. சொல்லின் முதலில் ற வராது. பந்து, வண்டி, கன்று, காற்று என்று நான்கு சொல்லைச் சுவரில் ஒட்டி வையுங்கள், போதும்.

கேள்வி: ஆனி, ஆடியில் தகரக் கூரை மேல் மழை விழும் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. சாக்பீஸ் ஈரமாகி எழுதாது. சார்ட் எல்லாம் பூஞ்சை. (ஆசிரியை, தேவாலா)

பதில்: மழைக்காலத்துக்கு என்று வாயில்லாத பயிற்சிகள் நான்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி அட்டை, இட மதிப்பு அட்டை, படம் பார்த்துச் சொல் எழுதுதல், வாசித்ததைச் செய்துகாட்டுதல். கடைசியாகச் சொன்னதில் "எழுந்து ஜன்னலைத் தொடு" என்று அட்டையில் காட்டினால் பிள்ளை அதைச் செய்ய வேண்டும். விடையை எல்லாரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். சொல்வதை எழுதுதலை வெயில் நாளுக்கு விட்டுவிடுங்கள். சாக்பீஸை மூடி இறுகும் டின்னில், அடியில் ஒரு பிடி அரிசி போட்டு வையுங்கள். சார்ட்டுக்குப் பதில் வெள்ளைத் துணியில் பெயிண்டால் எழுதினால் துவைத்துக்கூட மாட்டலாம்.

அந்த மழையையே கணக்காக்கிவிடுங்கள். தேவாலா பக்கம் இருப்பவருக்கு இதைவிட நல்ல தினசரிப் பாடம் கிடைக்காது. அடியும் வாயும் ஒரே அகலம் உள்ள, அடி தட்டையான பாட்டில் ஒன்று. டம்ளர் உதவாது: வாய் அகலம், அடி குறுகல், ஆகவே அளவு கூடுதலாகக் காட்டும். கூரையும் மரமும் தள்ளி, திறந்த இடத்தில், கல் அண்டக்கொடுத்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறை காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை ஒரு நாள் என்று கணக்கிடுகிறது. உங்களுக்குப் பள்ளி கூடும் நேரம் போதும், ஆனால் அது மாறக் கூடாது. திங்கள்கிழமை அளவில் மூன்று நாள் மழை இருக்கும் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள்.

ஸ்கேலில் ஒரு சிக்கல். பல ஸ்கேல்களில் சுழியக் கோடு நுனியில் இருக்காது, ஒரு சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். நுனியை அடியில் வைத்து அளந்தால் மழை தினமும் குறைவாகக் காட்டும். நுனியைச் சுழியம் வரை தேய்த்துவிடுங்கள், அல்லது தாள் பட்டையில் நீங்களே கோடு போட்டுப் பாட்டிலின் வெளியே ஒட்டுங்கள்.

ஒரு கட்டத்துக்கு 5 மி.மீ. என்று வரைபடம் போடத் தொடங்கினால் ஒரு நாள் 130 மி.மீ. பெய்து தாளைத் தாண்டிவிடும். அளவுத்திட்டத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று நான்காம் வகுப்புக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்ததே, அதைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய மார்பளவு வரும். பெரிய வகுப்புக்கு இன்னொன்று: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். வகுப்பறைக் கூரையின் நீள அகலத்தை அளந்தால், நேற்று கூரையிலிருந்து எத்தனை குடம் ஓடிப்போனது என்று கணக்கிடலாம்.

கேள்வி: கால், அரை, அரைக்கால், மாகாணி, முந்திரி என்று அந்தக் காலத்தில் வாய்ப்பாடே இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் பின்னம் எளிதாகுமே? (ஓய்வுபெற்ற கணக்கர், குன்னூர்)

பதில்: முந்திரியைக் கொண்டுவந்து என்ன செய்வது ஐயா, 320-இல் ஒரு பங்கை யாரும் இப்போது அளப்பதில்லை. ஆனால் முதல் நான்கும் தங்கம். ஒரு தாளை ஒரு முறை மடித்தால் அரை, இரண்டு முறை கால், மூன்று முறை அரைக்கால், நான்கு முறை மாகாணி: 1/2, 1/4, 1/8, 1/16. அரைக்கால் என்கிற பெயரே காலில் அரை என்று விளக்கம் சொல்லிவிடுகிறது. காரட்டும் பீன்ஸும் கால் கிலோ, அரை கிலோ என்று வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு 250 கிராமும் 500 கிராமும் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

தடுக்கி விழுகிற இடம் வேறு. "எட்டில் ஒன்று" என்று தமிழில் கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம். பிள்ளை கேட்ட வரிசையிலேயே மேலிருந்து எழுதி 8/1 ஆக்கிவிடும். எழுதும்போது கீழிருந்து தொடங்கப் பழக்குங்கள்: முதலில் கீழே 8, பிறகு கோடு, பிறகு மேலே 1. சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகிவிடும். "7-ஐ 15-இலிருந்து கழி" என்றால் 7 – 15 என்று எழுதுவதும் இதே கோளாறுதான். அதை "15-இலிருந்து 7-ஐ" என்று திருப்பிச் சொல்லவைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன். வீடு வர ஆறு மணி. எனக்குப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு நான் என்ன செய்ய முடியும்? (வாசகி சொல்லக் கேட்டு எழுதி அனுப்பியது, கூடலூர் பக்கம்)

பதில்: பத்து நிமிடம் போதும் அம்மா. காலையில் 14 கிலோ, சாயங்காலம் 11 கிலோ என்று எடை போட்டிருப்பார்கள். மகளிடம் இரண்டையும் சொல்லி மொத்தம் கேளுங்கள், எழுதாமல் மனத்தில். "எப்படிப் போட்டே?" என்று கட்டாயம் கேளுங்கள். விடை சரியா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், அந்தக் கணக்கு உங்கள் கையில் நடந்ததுதானே. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்திருந்தால் அதையும் சொல்லிக் கழிக்கச் சொல்லுங்கள்.

வாசிப்புக்கு, பாடப் புத்தகத்தில் அவள் விரும்பும் ஒரு பக்கத்தை விரல் வைத்து வாசிக்கட்டும். எழுத்து தெரியாவிட்டாலும் எங்கே திக்குகிறாள் என்று உங்கள் காதுக்குத் தெரியும். அங்கே நிறுத்தாமல், முடித்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கதையைச் சொல்லிவிட்டால் புரிந்து படித்திருக்கிறாள். சொல்லத் தெரியவில்லை என்றால் அதே பக்கத்தை மறுநாளும் படிக்கட்டும். அதே பக்கம் மூன்று நாள் வந்தால், அந்தப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்து அவர் புரிந்துகொள்வார்.